முதல் காட்டுப்பன்றி வேட்டைக்கு முன்

வேட்டை என்றதும் பலருக்கும் கண்முன் வருவது துப்பாக்கி வெடிக்கும் அந்த ஒரு நொடிதான். அதற்கு முன்னால் எத்தனை வாரம் தயாராக வேண்டியிருக்கிறது என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்தில் கணக்கு எழுதும் வேலை பார்க்கும் இருபத்தாறு வயது இளைஞன் ஒருவனின் கதை இது. தூண்டில் போட்டு மீன் பிடித்ததைத் தவிர அதுவரை அவன் எந்த உயிரையும் கொன்றதில்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனுடைய தாய்மாமா போன் செய்தார். அவர் நவசோட்டா ஊருக்குப் பக்கத்தில், பிராசோஸ் ஆற்றங்கரையில் மக்காச்சோளம் பயிரிடுபவர்.

"முந்தாநாள்தான் விதைச்சேன். நேத்து ராத்திரி வந்து வரிசை பிடிச்சுத் தின்னுட்டுப் போயிருக்குதுங்க. ஒரு விதை மிச்சமில்ல. மெஷின் போட்ட கோட்டுலேயே மூக்கை வச்சு உழுதிருக்குதுங்க. அடுத்த மாசம் வாயேன், ரெண்டு பன்றியாவது சுட்டுக் கொடு."

"எனக்கு அதெல்லாம் தெரியாதே மாமா."

"தெரியாதுன்னா கத்துக்கோ. ஆறு வாரம் இருக்கு."

அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் வாரம் முழுவதும் அவன் துப்பாக்கியைத் தொடவே இல்லை. பன்றியைப் பற்றிப் படித்தான். அமெரிக்க மண்ணில் பன்றி என்ற விலங்கே கிடையாது என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. 1539ல் ஃபுளோரிடாவில் இறங்கிய ஸ்பெயின் நாட்டுத் தளபதி ஹெர்னாண்டோ டி சோட்டோ, படைவீரர்களின் சாப்பாட்டுக்காகப் பன்றிகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார். டெக்சாஸிலும் ஐரோப்பியர்கள் கொண்டுவந்த பன்றிகள்தான் முதல் பன்றிகள். குடியேறிய விவசாயிகள் வேலி இல்லாமல் மேயவிட்டதில் பல பன்றிகள் காட்டோடு போய்விட்டன. இது போதாது என்று 1930களில் வேட்டைப் பிரியர்கள் சிலர் ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளை இறக்குமதி செய்து விட்டார்கள். இரண்டும் கலந்து பிறந்த வாரிசுகள்தான் இன்று மாமாவின் வயலில் விதை தின்பவை.

எத்தனை இருக்கும்? டெக்சாஸில் மட்டும் சுமார் 26 லட்சம் என்று அங்குள்ள ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு மதிப்பிட்டிருக்கிறது. மொத்த அமெரிக்காவில் 60 லட்சத்துக்கு மேல் என்பது மத்திய வேளாண் துறையின் கணக்கு. பெட்டை, ஆறிலிருந்து எட்டு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடுகிறது. சினைக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. ஒரு ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டிகள் சாதாரணம். எண்ணிக்கை ஏறாமல் நிறுத்தி வைக்கவே ஆண்டுதோறும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பன்றிகளை அகற்றியாக வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கணக்கு எழுதுபவன் ஆயிற்றே! அந்த வரியை இரண்டு முறை படித்தான். வட்டி அசலை விட வேகமாக ஏறும் கடன் போல இருந்தது அது.

அடுத்தது சட்டம். டெக்சாஸில் இந்தப் பன்றிக்கு சீசன் கிடையாது, இத்தனைதான் சுடலாம் என்ற வரம்பும் கிடையாது. 2011ல் ஹெலிகாப்டரிலிருந்து சுடவும் சட்டம் இயற்றினார்கள். 2019 செப்டம்பர் முதல், தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதியோடு பன்றியைச் சுட வேட்டை லைசென்ஸ்கூடத் தேவையில்லை. பொது நிலம் என்றால் கதை வேறு. லைசென்ஸ், அனுமதிச் சீட்டு, பளிச்சென்ற ஆரஞ்சு உடை எல்லாம் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் இதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இங்குள்ள காட்டுப்பன்றி இந்த மண்ணுக்கே உரியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை யாரும் தன் விருப்பத்துக்கு வேட்டையாட முடியாது.

லைசென்ஸ் தேவையில்லை என்றாலும் அவன் வேட்டைக் கல்விப் படிப்பை முடித்தான். டெக்சாஸில் லைசென்ஸ் எடுத்து வேட்டைக்குப் போகிறவர் 1971 செப்டம்பர் 2ஆம் தேதியோ அதற்குப் பின்னரோ பிறந்திருந்தால் இந்தப் படிப்பு கட்டாயம். சட்டம் கேட்காவிட்டாலும், மாமாவின் வயலில் மாமாவும் நடமாடுவார் என்பது அவன் நினைவில் இருந்தது. அந்தப் படிப்பில் திரும்பத் திரும்பச் சொன்னவை சில விஷயங்கள்தான். எந்தத் துப்பாக்கியும் குண்டு நிரப்பியது என்றே எண்ண வேண்டும். சுட விரும்பாத எதன் மீதும் குழல் முனை திரும்பக்கூடாது. குறி பார்த்து முடிவு செய்யும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இலக்கு என்ன, அதற்குப் பின்னால் என்ன என்று தெரியாமல் சுடக்கூடாது. கேட்கும்போது எல்லாம் எளிது. பதற்றத்தில் கை மறப்பதும் இவற்றைத்தான்.

மாமா தன்னுடைய பழைய 308 ரைஃபிளைக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் கையால் பின்னிழுத்துக் குண்டு ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் வகை. இரண்டாவது சனிக்கிழமை பயிற்சிக் களத்துக்குப் போனான். காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி. முதல் குண்டு வெடித்ததும் தோளில் யாரோ குத்தியது போல இருந்தது. இரண்டாவது குண்டிலேயே கோளாறு ஆரம்பித்துவிட்டது. அடி விழப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டதால், விசையை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொண்டது, தோள் பின்வாங்கியது. குண்டு தாளையே தொடவில்லை.

பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். "வெறும் துப்பாக்கியை வீட்டில் வச்சுப் பழகுங்க தம்பி. குண்டு இல்லைன்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, சுவரைக் குறி வச்சு மெதுவா இழுங்க. டிக்குன்னு சத்தம் எப்ப வரும்னு உங்களுக்கே தெரியக்கூடாது" என்றார்.

அவன் தினமும் ராத்திரி இருபது முறை அப்படிச் செய்தான். மூன்றாவது வாரம் 25 கெஜத்தில் ஸ்கோப்பைச் சரி செய்து, பிறகு 100 கெஜத்துக்குப் போனான். மேசை மீது மணல் மூட்டையில் துப்பாக்கியை வைத்துச் சுட்டபோது குண்டுகள் ஒரு உள்ளங்கை அளவுக்குள் விழுந்தன. நமக்கு வந்துவிட்டது என்று நினைத்தான். ஆனால் வயலில் மேசை இருக்காதே. தரையில் உட்கார்ந்து, கவைக்கோலில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட்டபோது அதே குண்டுகள் சிதறின.

ஆறு அங்குல வட்டம் வரைந்த காகிதத் தட்டு ஒன்றை வைத்தான். ஐந்துக்கு ஐந்தும் வட்டத்துக்குள் விழும் தூரம் எது என்று தேடினான். 100 கெஜத்தில் மூன்று விழுந்தது. 90ல் நான்கு. 75 கெஜத்தில்தான் ஐந்தும். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதித் துப்பாக்கிப் பெட்டிக்குள் ஒட்டினான். 75க்கு மேல் எதுவும் தனக்கில்லை என்று அன்றே முடிவு செய்தான். காரணம் வீம்பு அல்ல. ஐந்தில் ஒன்று தவறினால், அந்த ஒன்று பன்றியின் வயிற்றில் பாயும். வயிற்றில் அடிபட்ட பன்றி உடனே சாகாது. புதருக்குள் போய் மணிக்கணக்கில் கிடந்து சாகும். தேடிப் போகிறவனுக்கும் ஆபத்து.

எங்கே குறி வைப்பது என்பதிலும் புதியவர்கள் தவறு செய்வதுண்டு. பன்றியின் முதுகு மேட்டில் பிடரி மயிர் நிமிர்ந்து நிற்பதால் உடம்பு உள்ளதைவிட உயரமாகத் தெரியும். அதனால் நடு உடம்பு என்று நினைத்து வைக்கும் குறி, முக்கிய உறுப்புகளுக்கு மேலே போய்விடும். மானைவிடப் பன்றிக்கு இதயமும் நுரையீரலும் முன்னால் தள்ளி, கீழே இறங்கி இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலை ஒட்டி, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வைக்க வேண்டும். வயதான ஆண்பன்றிக்குத் தோளில் கெட்டியான குருத்தெலும்பு போன்ற ஒரு கவசம் வளர்ந்திருக்கும். ஆண்பன்றிகள் ஒன்றையொன்று கோரைப்பல்லால் கிழித்துச் சண்டை போடுவதால் வந்த ஏற்பாடு அது. அதைத் தாண்டிப் போகும் குண்டு வேண்டும். 308 அதற்குப் போதும். மாமாவிடமிருந்து ஒரு பன்றிப் படத்தை வாங்கி, ஒவ்வொரு கோணத்திலும் இதயம் எங்கே இருக்கும் என்று பென்சிலால் குறித்துப் பழகினான்.

சுடுவது பன்றியைத்தானா என்பதும் ஒரு கேள்வி. தெற்கு, மேற்கு டெக்சாஸில் ஹாவலீனா என்று ஒரு பிராணி உண்டு. பார்க்கப் பன்றி போலவே இருக்கும், ஆனால் பன்றி இனம் இல்லை. கழுத்தில் வெளிறிய பட்டை, வெளியே தெரியாத வால், சின்ன உடம்பு. அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. லைசென்ஸும் சீசனும் எண்ணிக்கை வரம்பும் உண்டு. மாமாவின் பகுதியில் அது இல்லை. ஆனால் கறுப்புக் கன்றுக்குட்டி இருக்கிறது, பக்கத்து வீட்டுக் கறுப்பு நாய் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். ஆகவே ஸ்கோப்பை வைத்து எதையும் தேடக்கூடாது, தேடுவதற்கு பைனாகுலர் என்பது அவன் தனக்கு வைத்துக்கொண்ட விதி. ஸ்கோப் வழியே பார்க்கும்போது துப்பாக்கியும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் அல்லவா?

ஐந்தாவது வாரம் சாமான் சேர்த்தான். பன்றிக்குக் கண் அவ்வளவு கூர்மை இல்லை. ஆனால் மூக்கு அபாரம். உடை பச்சையா பழுப்பா என்பதைவிடக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதே முக்கியம். ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியில் முகப்பவுடர் போட்டுக்கொண்டான். லேசாக அழுத்தினால் தூள் பறந்து காற்றின் திசையைக் காட்டும். ஏப்ரலில் பாம்புகள் நடமாடும் என்பதால் முழங்கால் வரை பூட்ஸ். உண்ணிக்கு மருந்து. தலையில் மாட்டும் விளக்கு, மாற்று பேட்டரி, தண்ணீர், முதலுதவிப் பை, ரத்தப்போக்கை நிறுத்தக் கட்டும் பட்டை.

அதோடு ஒரு பெட்டி நிறைய ரப்பர் கையுறை. இதைப் பல புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். காட்டுப்பன்றியின் ரத்தத்தில் புருசெல்லோசிஸ் என்ற நோயின் கிருமி இருக்கலாம். கையில் சின்னக் கீறல் இருந்தாலும் உள்ளே போய், விட்டு விட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு வலியையும் கொடுக்கும். குடலை எடுக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இறைச்சியை ஃபிரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது தவறு. உள்ளே 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும்படி நன்றாக வேக வைக்க வேண்டும். பச்சை மாமிசத்தை நாய்க்குப் போடக்கூடாது. பன்றிகளிடம் இருக்கும் வேறொரு வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது, ஆனால் நாயைக் கொன்றுவிடும். வெயில் ஊர் என்பதால் இறைச்சி சீக்கிரம் கெடும். அதனால் இரண்டு பெரிய ஐஸ் பெட்டிகள். கொல்வதானால் வீணாக்கக்கூடாது என்று மனைவி சொல்லியிருந்தாள்.

"குட்டி போட்ட தாய் வந்தா என்ன பண்ணுவே?" என்றும் அவள் கேட்டாள். அவனிடம் பதில் இல்லை.

ஆறாவது வாரம், கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால், அவன் ஒரு விஷயத்தைப் படித்து உட்கார்ந்துவிட்டான். டென்னசி மாநிலத்தில் 1999ல், பன்றிகளை ஒழிக்கலாம் என்று மாநிலம் முழுவதும் தாராளமாக வேட்டையைத் திறந்து விட்டார்கள். நடந்தது தலைகீழ். வேட்டைக்குப் பன்றி வேண்டும் என்று சிலர் அவற்றை லாரியில் ஏற்றிப் புதிய இடங்களில் திருட்டுத்தனமாக விட்டார்கள். அதுவரை பன்றியே இல்லாத கவுண்டிகளுக்கும் பரவிவிட்டது. 2011ல் அந்த மாநிலம் விதியை மாற்ற வேண்டி வந்தது. மிசௌரி மாநிலத்தின் இயற்கைவளப் பாதுகாப்புத் துறை 2016ல் தன் நிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்தது. இருபது பன்றிகள் உள்ள கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்ற பத்தொன்பதும் சிதறி, பயந்து, பொறிக்குள் வராமல் போய்விடுகின்றன என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

அன்று ராத்திரியே மாமாவுக்கு போன் போட்டான்.

"மாமா, நான் வந்து ஒண்ணு சுட்டா உங்களுக்கு உபகாரமா, உபத்திரவமா?"

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார். "இதை நீயே கேட்டது சந்தோஷம். கிழக்குப் பக்கம் பெரிய வளையக் கூண்டு போட்டிருக்கேன். புளிக்க வச்ச சோளம் வச்சு மூணு வாரமா பழக்கிட்டிருக்கேன். ஒரு கூட்டம் தினமும் வருது, ஆனா பாதி உள்ள வருது, பாதி வெளிய நிக்குது. எல்லாம் உள்ள வந்தாத்தான் கதவை விடுவேன். அந்தக் கூட்டத்து மேல மட்டும் குண்டு போடாதே. மேற்குப் பக்கம் தனியா ஒரு கிழட்டு ஆண்பன்றி சுத்துது, அது கூண்டுப் பக்கமே வராது. அது வந்தா சுடு."

வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தான். சனிக்கிழமை பகலில் மாமாவும் அவனும் நிலத்தை நடந்து பார்த்தார்கள். எந்தத் திசையில் சுட்டால் குண்டு மண் கரையில் போய் நிற்கும், எந்தத் திசையில் சாலையும் வீடும் இருக்கின்றன என்று கம்பு நட்டு அடையாளம் வைத்தார்கள். அவன் உட்காரும் இடம், எழுந்து வரும் நேரம், மாமா எங்கே இருப்பார், எல்லாம் பேசி முடித்தார்கள். சொல்லாமல் யாரும் இடம் மாறக்கூடாது என்பது ஒப்பந்தம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வேலி ஓரத்தில் உட்கார்ந்தான். பவுடர் மெதுவாக அவன் முகத்தை நோக்கி வந்தது. காற்று சரி. ஏழரை மணிக்கு ஆற்றோர மரங்களிலிருந்து உறுமல் கேட்டது. வந்தது கிழட்டு ஆண்பன்றி இல்லை, கூட்டம். முன்னால் ஒரு பெரிய தாய், அதன் பின்னால் இன்னும் இரண்டு, காலடியில் வரி போட்ட குட்டிகள். கூண்டு இருக்கும் கிழக்குப் பக்கம் போகிற வழியில் அவனுக்கு எதிரே நின்றன. 60 கெஜம். பக்கவாட்டாக. பின்னால் மண் கரை. ஆறு வாரம் பழகியது எல்லாம் இந்த ஒரு காட்சிக்குத்தான் என்பது போல நின்றது அந்தத் தாய்.

துப்பாக்கி கவைக்கோலில்தான் இருந்தது. காதில் தன் இதயம் அடிப்பது கேட்டது. விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்தபடியே இருந்தான். இரண்டு நிமிடமோ, ஐந்து நிமிடமோ, பன்றிகள் மண்ணைக் கிளறிவிட்டு நகர்ந்து போயின. ஆண்பன்றி அன்று வரவே இல்லை. ஞாயிறு காலையும் வரவில்லை. இரண்டு ஐஸ் பெட்டிகளையும் காலியாகவே காரில் ஏற்றினான். அலுவலகத்தில் எல்லோரும் கேட்டார்கள். ஒன்றும் சுடவில்லை என்றதும் கொஞ்சம் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு மாமாவின் போன் வந்தது.

"கதவு விழுந்துருச்சுடா. பதினாலு உள்ள இருக்கு. ஒண்ணுகூட வெளிய இல்ல. தாயுங்க மூணும் இருக்கு."

"நல்லது மாமா."

"நல்லதுதான். ஆனா விடியறதுக்குள்ள முடிக்கணும். வெயில் ஏறினா முட்டி மோதி ரத்தமாக்கிக்கும், அது அதுக்கும் கஷ்டம். எனக்கும் இந்த வேலை பிடிக்கறதில்ல. ஒத்தையா செய்யவும் முடியல." கொஞ்சம் நிறுத்தினார். "வர்றியா?"

வேட்டை என்று அவன் ஆறு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தது இது இல்லை. ஓடித் தப்பிக்க வழியில்லாத கூண்டு. காற்றும் பார்க்க வேண்டாம், தூரமும் பார்க்க வேண்டாம். யாரும் பாராட்டவும் மாட்டார்கள். ஆனால் அந்த விதை தின்னும் கடனில் அசல் குறைவது இங்கேதான். ஒரே குண்டில், வலி தெரியாமல், ஒவ்வொன்றாக முடிக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும் என்று மாமா கேட்கிறார்.

மனைவி விழித்துக்கொண்டு பார்த்தாள். அவளுடைய அந்தக் கேள்வி இன்னும் அப்படியே இருந்தது.

"ஒன்றரை மணி நேரத்துல வந்துடறேன் மாமா" என்றான். போகிற வழியில் பெட்ரோல் பங்கில் ஐஸ் வாங்கிக்கொண்டான். கையுறைப் பெட்டி காரிலேயே இருந்தது.